பட்டியலில் இல்லாத கணனி

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோட்-டெ-நேஜ் பகுதியில் வசிக்கும் எமது வாசகியான ஓர் அம்மையார் எம்மைத் தமது இல்லத்துக்கு அழைத்திருந்தார். அழைப்பின் காரணம் விருந்து அன்று. வரவேற்பறையின் மூலையில், சுவாமிப் படங்களுக்குக் கீழே, பின்னல் துணி போர்த்தப்பட்டு இருந்த மேசைக் கணனி ஒன்றே காரணம். துணியை மடித்து வைத்துவிட்டு அவர் அதனை இயக்கினார். சற்று நேரத்தில் திரை முழுவதையும் மறைத்தபடி ஓர் அறிவித்தல் தோன்றிற்று. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்துவிட்டது என்பதும், இக்கணனி விண்டோஸ் 11க்குத் தகுதி உடையதன்று என்பதும் அதன் சாரம்.

“தம்பி, கடையிலை கொண்டுபோய்க் காட்டினனான். இதை எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கச் சொல்லுறாங்கள். எழுநூறு டொலர் வருமாம். நல்லா ஓடுற சாமானை ஏன் எறிய வேணும்?”

நியாயமான கேள்வி. இதே கேள்வியைப் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் லசாலிலும் இருந்து வேறு சில வாசகர்களும் எம்மிடம் கேட்டிருந்தனர். எனவே அந்த அம்மையாரின் கணனியையே பொருளாகக் கொண்டு, எமக்குத் தெரிந்ததையும் நாம் செய்து பார்த்ததையும் இங்கு எழுத முற்படுகிறோம்.

முதலில், நிகழ்ந்தது யாது என்பதைப் பார்ப்போம். 2015 யூலையில் வெளிவந்த விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. ஆதரவு நின்றதனால் கணனி நின்றுவிடுவதில்லை. மறுநாளும் அது வழமைபோலவே இயங்கும். மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களே வாராது போகும். ஊரில் ஆண்டுதோறும் கிடுகு மாற்றி வேலி அடைப்போம் அல்லவா? அடைக்காமல் விட்டால் வளவு அன்றே பாழாவதில்லை. ஆனால் மழை இரண்டு பெய்ததும் பொத்தல் விழும். அதன்பின் அடுத்த வீட்டு ஆடும் வரும், அறியாத மனிதரும் வருவர். திருத்தம் நின்ற கணனியின் நிலையும் இதுவே.

அம்மையாரின் கணனிக்குள் இருப்பவற்றை எண்ணும்போது இந்தப் பொத்தல் சிறு விடயமன்று. வங்கிக் கணக்கை அவர் அதிலேதான் பார்க்கின்றார். குடும்பத்தின் அகதிக் கோரிக்கைக் கோவைகள் யாவும் நகலெடுக்கப்பட்டு அதிலே உள்ளன. 2019இல் காலமான அவரது கணவர், உறவினரைக் கனடாவுக்கு அழைப்பதற்காக எழுதிய கடிதங்களும், கோயில் அறிவித்தல்களும், நண்பர்களுக்கு எழுதிக்கொடுத்த விண்ணப்பங்களும் அதிலே உள்ளன. இத்தனையையும் ஏந்திய கணனியை வேலியின்றி விடவும் இயலாது. தெருவோரத்தில் வைக்கவும் மனம் வராது.

புதிய விண்டோஸ் 11 ஏன் இதனை ஏற்க மறுக்கிறது? 2021 ஒக்டோபர் 5ஆம் திகதி வெளிவந்த விண்டோஸ் 11, முன்னைய பதிப்புகளைவிடக் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. நான்கு கிகாபைற் நினைவகமும் அறுபத்துநான்கு கிகாபைற் சேமிப்பிடமும் பழைய கணனிகள் பலவற்றிலும் உள்ளவையே. தடையாக நிற்பவை வேறு இரண்டு. ஒன்று, இரகசியக் குறியீடுகளைப் பூட்டி வைக்கும் ரி.பி.எம். என்னும் பாதுகாப்புச் சில்லு இரண்டாம் பதிப்பாக இருத்தல் வேண்டும். மற்றது, கணனியின் செயலி அந்நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இருத்தல் வேண்டும். அப்பட்டியல், சில விலக்குகள் நீங்கலாக, இன்ரெலின் எட்டாம் தலைமுறையில் இருந்தே தொடங்குகிறது. அதாவது 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இருந்து. அதற்கு முன்னர் வாங்கப்பட்ட கணனிகள் பெரும்பாலும் வெளியே நிற்கின்றன.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைத்தல் தகாது. நிபந்தனைகளை நிறைவு செய்யாத கணனிகளில் சோதனைப் பதிப்பை ஓடவிட்டபோது, இயங்குதளத்தின் கருவிலேயே நிகழும் முறிவுகள் 52 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டன என்று அது 2021இல் கூறியது. புதிய செயலிகளில் உள்ள சில வசதிகள் கள்ள நிரல்கள் கருவுக்குள் புகுவதைத் தடுக்க உதவுகின்றன என்பதும் உண்மையே. ஆயினும், கனலிஸ் என்னும் ஆய்வு நிறுவனம் 2023 டிசெம்பரில் மதிப்பிட்டபடி, விண்டோஸ் 10இன் முடிவினால் இருபத்துநான்கு கோடிக் கணனிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்றால், பாதுகாப்பு என்ற ஒரு சொல்லினால் அத்தனையையும் மூடிவிட முடியுமா என்று கேட்கவே தோன்றுகிறது.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக மனத்திற் கொள்ளல் வேண்டும். ‘இயலாது’ என்பது ஒன்று. ‘பட்டியலில் இல்லை’ என்பது வேறொன்று. குடிவரவுக் கருமபீடங்களின் முன் நின்று பழகிய எமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. அம்மையாரின் கணனியில் இருப்பது 2013இல் சந்தைக்கு வந்த நான்காம் தலைமுறை இன்ரெல் கோர் ஐ-5 செயலி, எட்டுக் கிகாபைற் நினைவகம், ரி.பி.எம். சில்லும் உண்டு, ஆனால் முதலாம் பதிப்பின் வகை. விண்டோஸ் 11 இயங்குவதற்கு வேண்டிய கட்டளைகள் யாவும் அச்செயலிக்குத் தெரியும். நிறுவும் நிரல் வாசலில் நின்று பட்டியலைப் பார்க்கிறது. பெயரைக் காணாமையால் கதவைச் சாத்துகிறது. உள்ளே வந்த பின்னர், ‘நீ எந்தத் தலைமுறை’ என்று எவரும் கேட்பதில்லை.

இது புதிய கதையும் அன்று. 1998 யூனில் விண்டோஸ் 98 வெளிவந்தபோது, 66 மெகாஹேர்ட்ஸ் வேகமுடைய 486 டி.எக்ஸ். செயலிக்குக் குறைந்த கணனிகளில் அது தன்னை நிறுவ மறுத்தது. அப்போது நிறுவும் கட்டளைக்குப் பின்னே ஒரு சாய்கோட்டையும் ‘என்’, ‘எம்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துத் தட்டினால், சோதனையை விட்டுவிட்டு அது உள்ளே போய்விடும். வேகம் ஆமை வேகந்தான். எனினும் ஓடியது. பழைய கணனிகளைத் திருத்திக் கைச்செலவுக்கு வழி தேடிய எமது இளைஞர்கள் சிலர் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டனர். அந்த இரு எழுத்துகளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போதைய கதவுக்கும் அத்தகைய சாவிகள் உண்டு. அவற்றுள் ஒன்றை மைக்ரோசொப்ற் நிறுவனமே 2021 ஒக்டோபரில் தனது உதவிப் பக்கத்தில் வெளியிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. விண்டோஸ் 10 இயங்கும் கணனியின் பதிவேட்டில் ஒரேயொரு குறிப்பை எழுதினால், ரி.பி.எம். முதலாம் பதிப்பும் பட்டியலில் இல்லாத செயலியும் கொண்ட கணனியைக்கூடத் தரமுயர்த்தலாம் என்று அங்கு சொல்லப்பட்டிருந்தது. பின்னர் அக்குறிப்பு அங்கிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது சாவி நிறுவும் நிரலின் உள்ளேயே இருக்கிறது. ‘லாப் கொன்பிக்’, அதாவது ஆய்வுகூட அமைப்பு, என்ற பெயரில் ஒரு பகுதியைத் திறந்து, சோதனை ஒவ்வொன்றுக்கும் ‘இதைக் கடந்து செல்’ என்று ஒரு குறிப்பு எழுதினால் நிரல் அதற்குப் பணிகின்றது. பீட் பதார்ட் என்பவர் எழுதி இலவசமாக வழங்கிவரும் ரூஃபஸ் என்னும் சிறு மென்பொருள், விண்டோசை பென்டிரைவில் எழுதும்போதே இக்குறிப்புகளையும் சேர்த்துவிடுகிறது. பெட்டியில் ஒரு சரி அடையாளம் இட்டாற் போதும்.

இவ்வழிகளில் எதுவும் உள்ளே போய் அமரும் விண்டோசை மாற்றுவதில்லை. வாசற் சோதனைக்கு மட்டுமே விடை சொல்லப்படுகிறது. நிறுவப்படுவது நிறுவனத்தில் இருந்து வந்த அதே இயங்குதளம். கட்டுரையின் உயிர்நாடி இதுவாதலால் சற்று நின்று கூறுகிறோம்.

அம்மையாரிடம் ‘எறியுங்கள்’ என்று சொன்ன கடையைத் தவிர, ‘ஐம்பது டொலர் தாருங்கள், ஒரு மணி நேரத்தில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன்’ என்று சொன்ன இன்னொருவரும் இருந்தார். அவர் வைத்திருந்தது, முகம் தெரியாத எவரோ ‘மெலிய வைத்து’ விநியோகித்த ஒரு பிரதி. பழைய கணனிக்கு இலகுவாக இருக்கட்டும் என்று அதிலிருந்து பல பகுதிகள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. பாதுகாப்புத் திருத்தங்களை இறக்கும் பகுதியும், வைரசு காக்கும் பகுதியும் அவ்வாறு வெட்டப்படுபவற்றுள் அடங்குவது வழக்கம். வெட்டியவர் எதையேனும் ஒட்டியும் இருக்கலாம். அதனைக் கண்டறியச் சாதாரண பாவனையாளருக்கு வழியே இல்லை.

எமது மக்கள் இதில் ஏனையோரைவிடக் கூடுதல் கவனம் கொள்ளக் காரணம் உண்டு. கனடாவில் பாதுகாப்புக் கோருவோர் 2012 டிசெம்பர் வரை ஒரு படிவத்தையும், அதன்பின் ‘கோரிக்கையின் அடிப்படை’ என்னும் படிவத்தையும் நிரப்பி வந்துள்ளனர். யார் மிரட்டினார், எங்கு தடுத்து வைத்தனர், தப்ப உதவியவர் எவர், ஊரில் இன்னும் இருக்கும் உறவினர் யாவர் என்பன அதிலே பெயர் விபரத்துடன் எழுதப்படுகின்றன. சட்டத்தரணிக்கும் விசாரணைச் சபைக்கும் மட்டுமென எழுதிய அந்தப் பக்கங்களின் பிரதி, எத்தனை வீட்டுக் கணனிகளில் ‘ஆவணங்கள்’ என்ற கோவையில் அப்படியே கிடக்கின்றது! எவரோ கைவைத்த இயங்குதளத்தை அதன்மேல் நிறுவுவது, வீட்டுச் சாவியைத் தெரியாதவர் கையில் கொடுப்பதாகும். ஐம்பது டொலருக்கு அது மிக உயர்ந்த விலை.

மாற்றப்படாத பிரதியை எவ்வாறு அறிவது? விண்டோஸ் 11இன் மூலக் கோப்பை மைக்ரோசொப்ற் தனது சொந்தத் தளத்திலேயே எவரும் இறக்கிக்கொள்ள வைத்திருக்கிறது. ஐந்து கிகாபைற்றுக்கும் மேற்பட்ட பெருங்கோப்பு. அதனுடன் ஒரு நீண்ட குறியீட்டையும் வெளியிடுகிறது. அறுபத்துநான்கு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. இறக்கிய கோப்பில் இருந்து அதே கணிப்பைச் செய்து, வரும் குறியீட்டை இதனுடன் ஒப்பிட வேண்டும். ஆயிரம் பக்கப் புத்தகத்தில் எங்கோ ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் குறியீடு முற்றாக வேறாகிவிடும். கணிப்பதற்கான கட்டளை விண்டோஸ் 10க்குள்ளேயே உண்டு. நாம் கணித்தோம், அம்மையார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாக வாசிக்க, நாம் திரையில் சரிபார்த்தோம். அறுபத்துநான்கும் பொருந்தின. “தேவாரம் பிழையில்லாமல் பாடின மாதிரி,” என்றார் அவர்.

இனி, அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் நாம் செய்தவற்றைக் கூறுவோம்.

பழைய வன்தட்டில் நாம் கை வைக்கவேயில்லை. கணனியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பன்னிரண்டு ஆண்டுத் தூசியைத் துடைத்து, வன்தட்டின் இணைப்புகளைப் பிடுங்கி வெளியே வைத்தோம். அதனிடத்தில் எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய சேமிப்புத் தட்டு ஒன்றைப் பொருத்தினோம். இது எமது உறுதியான பரிந்துரை. முயற்சி பிழைத்தாலும் பழைய தட்டை மீண்டும் செருகினால் கணனி நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடும். கடிதம் ஒன்றும் தொலையாது. தவிரவும், பழைய கணனி மந்தமாய் இருப்பதற்குப் பெரும்பாலும் செயலி காரணமன்று, சுழலும் வன்தட்டே காரணம். எஸ்.எஸ்.டி. பொருத்திய பின்னர் கணனி எழும்பும் வேகத்தைக் கண்டு அம்மையார் வேறு கணனியோ என்று கேட்டார்.

முதல் முயற்சி தோற்றது. ரூஃபஸ் எழுதித் தந்த பென்டிரைவைச் செருகி இயக்கினோம். திரை கறுத்தபடியே இருந்தது. அரை மணி நேரம் பென்டிரைவைக் குற்றம் சாட்டினோம். பின்னரே பிழை எமதென்று தெரிந்தது. கணனியின் அடிப்படை அமைப்பு பழைய பயோஸ் முறையில் இருந்தது, பென்டிரைவோ யூ.ஈ.எப்.ஐ. என்னும் புதிய முறைக்காக எழுதப்பட்டிருந்தது. அமைப்புப் பக்கத்தினுள் சென்று அதனை மாற்றியதும் நிறுவும் திரை தோன்றியது. அத்துடன் திகதியும் பல ஆண்டுகள் பின்னே போயிருந்தது. மதர்போட்டில் உள்ள நாணயம் போன்ற சிறு மின்கலம் ஓய்ந்துவிட்டதே காரணம். மருந்துக் கடையில் கிடைக்கும் சி.ஆர். 2032 மின்கலத்தை மாற்றினோம். திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணையத்தளங்களும் திறக்க மறுக்கும் என்பதை நினைவில் வைத்திருப்பது நன்று.

அதன்பின் வாசற்காவலன் வழிவிட்டான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விண்டோஸ் 11 அமர்ந்தது. ஒலியும் வலையிணைப்பும் தாமாகவே வந்தன. உரிமத்துக்குப் புதிதாகப் பணம் எதுவும் கேட்கப்படவில்லை; விண்டோஸ் 10க்கான உரிமம் அந்த மதர்போட்டின் பெயரில் பதிவாகியிருந்தமையால், இணையத்துடன் இணைந்ததும் அதுவே செல்லுபடியாயிற்று. விண்டோஸ் 7 அல்லது 8 உரிமத்தை மட்டும் வைத்திருப்போர் இதனை எதிர்பார்க்க வேண்டாம். அவ்வழியை நிறுவனம் 2023இல் அடைத்துவிட்டது.

எல்லாம் முடிந்து பழைய வன்தட்டை இரண்டாவது தட்டாக இணைத்தபோது அம்மையாரின் முகம் மாறிற்று. கணவரின் கடிதம் ஒன்றைத் திறந்தார். திரையில் தமிழ் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிவரியாக நின்றன.

“எல்லாம் போட்டுதோ தம்பி?”

போகவில்லை. அக்கடிதங்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. எமது சமூகத்தின் பத்திரிகைகள், மரண அறிவித்தல்கள், கல்யாண அழைப்பிதழ்கள் எத்தனையோ அந்த எழுத்துருவில் உருவானவை. பாமினி விண்டோசுக்குத் தமிழ் கற்பிக்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் ‘தமிழ்’ என்னும் சொல் ‘ஜே, கே, பி, ஓ’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே தெரியும். புதிய தட்டில் பாமினி இல்லை. பழைய வன்தட்டின் எழுத்துருக் கோவையில் இருந்து அதனை எடுத்து நிறுவினோம். அடுத்த கணம், ‘அன்புள்ள மச்சானுக்கு’ என்று கடிதம் தொடங்கிற்று.

ஒருவகையில் நாம் அன்று செய்ததும், பாமினியைச் செய்தவர்கள் முன்னர் செய்ததும் ஒரே இனத்து வேலைதான். தமிழைப் பட்டியலில் வைத்திராத இயங்குதளங்களிற்றான் எமது மொழி முதலிற் கணனியேறியது. 1980களிலேயே கனடாவில் இருந்த கலாநிதி சீனிவாசன் ‘ஆதமி’ என்னும் தமிழ்ச் சொற்செயலியை டொஸ் இயங்குதளத்தில் இயங்கும்படி ஆக்கினார். விண்டோஸ் தானாகவே யுனிகோட் தமிழை அறிந்தது விண்டோஸ் 2000இல், லதா எழுத்துருவுடன். அதுவரை அனுமதி கேட்டுக் காத்திருந்தால் எமது பத்திரிகைகள் எப்படி வந்திருக்கும்?

சரி, குறைகளுக்கு வருவோம். இவ்வாறு நிறுவிய கணனிக்குத் திருத்தங்கள் பெறும் உரிமை இல்லை என்று மைக்ரோசொப்ற் தெளிவாகவே எச்சரிக்கிறது. நடைமுறையில், 2021 முதல் மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்கள் இத்தகைய கணனிகளுக்கும் வந்துகொண்டிருந்தன. அம்மையாரின் கணனிக்கும் மறுவாரமே வந்தன. ஆனால் அது வழக்கம், வாக்குறுதி அன்று. ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் புதிய பதிப்பு இவற்றைத் தேடித் தானாக வருவதில்லை. வீட்டுப் பாவனைக்கான ஒவ்வொரு பதிப்பும் 24 மாதங்களே பராமரிக்கப்படுவதால், இரண்டாண்டுக்குள் ஒருமுறையாவது மூலக் கோப்பை மீண்டும் இறக்கி அதே வேலையைச் செய்ய வேண்டும். செய்வதற்கு வீட்டில் ஆளில்லையெனில் இவ்வழி உகந்ததன்று.

உண்மையான ‘இயலாது’ம் உண்டு. 2024 ஒக்டோபரில் வெளிவந்த பதிப்பில் இருந்து, விண்டோஸ் 11 சில குறிப்பிட்ட செயலிக் கட்டளைகளை எதிர்பார்க்கிறது. இன்ரெலின் கோர் 2 டுவோ போன்ற, 2008க்கு முற்பட்ட வடிவமைப்புகளுக்கு அக்கட்டளைகள் தெரியாது. முந்திய பதிப்பைத் தந்திரத்தால் ஏற்றி மகிழ்ந்திருந்தோரின் கணனிகள் இப்பதிப்பில் எழும்பவேயில்லை. சில்லில் இல்லாததைப் பதிவேட்டில் எழுதிச் சேர்க்க முடியாது. அத்தகைய கணனி வைத்திருப்போருக்கு லினக்ஸ் வகை இயங்குதளமே வழி. இலவசம், பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டு மூச்சு விடும், யுனிகோட் தமிழும் அதில் நன்றாகவே இயங்கும். உண்மையைச் சொன்னால், இணையமும் கடிதமும் மட்டுமே வேண்டுவோர் எவருக்கும் அதனையே நாம் முதலிற் சொல்வோம். அம்மையார் பழகிய திரையை விட்டு வர மறுத்தமையாலேயே இத்தனை பாடும்.

எதுவும் செய்யாமல் காலம் கடத்த விரும்பியோருக்கும் ஒரு சிறு தவணை அறிவிக்கப்பட்டது. வீட்டுப் பாவனையாளர் பதிவு செய்துகொண்டால் விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்டோபர் 13 வரை தருவதாக நிறுவனம் கூறியது. முப்பது அமெரிக்க டொலர் செலுத்தலாம். அல்லது மைக்ரோசொப்ற் கணக்கொன்றில் கணனியின் அமைப்புகளைச் சேமிக்க இசைந்தால் பணமின்றியே பெறலாம். பிள்ளையின் பரீட்சை நெருங்கும் வேளையில் கணனியைக் கழற்ற அஞ்சும் குடும்பத்துக்கு இது பொருத்தமே.

நாம் வாழும் கியூபெக் மாகாணத்தின் சட்டத்தையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். 2023 ஒக்டோபரில் நிறைவேறிய 29ஆம் இலக்கச் சட்டம், பொருள் ஒன்றின் இயல்பான ஆயுளைக் குறைக்கும் நோக்கில் உத்திகளைக் கையாள்வதைத் தடை செய்தது. கனடாவில் இவ்வாறு செய்த முதல் மாகாணம் இதுவே. உதிரிப்பாகங்களும் திருத்தும் வசதியும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற அதன் ஏற்பாடுகள் 2025 ஒக்டோபர் 5இல் நடைமுறைக்கு வந்தன. ஒன்பது நாள் கழித்து விண்டோஸ் 10இன் ஆதரவு முடிந்தது! இயங்குதளத்தின் பட்டியல் ஒன்று இச்சட்டத்துள் அடங்குமா என்பது சட்டத்தரணிகளுக்குரிய கேள்வி. எனினும், ‘இனி எறிவதுதான் வழி’ என்று கடைக்காரர் சொல்லும்போது தலையாட்ட வேண்டிய கட்டாயம் எமக்கில்லை என்பதற்கு இச்சட்டம் ஒரு துணை.

தாமாகச் செய்யத் தயங்குவோர், ரோஸ்மொன்ற் பகுதியில் 1998 முதல் இயங்கிவரும் இன்செர்டெக் என்னும் சமூக நிறுவனத்தை நாடலாம். இளைஞருக்குத் தொழிற்பயிற்சி அளித்தபடி, பழைய கணனிகளைத் திருத்தியும் புதுப்பித்தும் விற்கும் இடம் அது. புதிய கணனிக்கு எழுநூறு டொலர் கொடுக்குமுன், புதுப்பித்த கணனி ஒன்றின் விலையையும் அங்கு கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. எறியத்தான் வேண்டுமென்றால் நகரசபையின் சுற்றாடல் நிலையத்தில் கொடுங்கள். ஆனால் வன்தட்டைக் கழற்றி வீட்டிலே வைத்துவிட்டுக் கொடுங்கள். கோப்பை அழித்தேன் என்று நம்பி, குடும்பத்தின் கதையைக் குப்பையோடு அனுப்ப வேண்டாம்.

அம்மையாரின் பழைய வன்தட்டில் இருந்த யாவும் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. ஒன்று புதிய தட்டில். ஒன்று பிரசார்ட்டில் வசிக்கும் மகனின் வீட்டில். மூலத்தட்டு பழைய துணியில் சுற்றப்பட்டு, கடவுச்சீட்டுகள் இருக்கும் பெட்டியில். பாமினி எழுத்துருவையும் ஒவ்வொன்றிலும் சேர்த்துவைத்தோம். கணனியின் பின்புறத்தில், பதிப்பின் பெயரும் அடுத்த முறை மாற்ற வேண்டிய மாதமும் எழுதிய ஒரு துண்டை ஒட்டியிருக்கிறோம். புறப்படும்போது அவர் பின்னல் துணியை விரித்து மீண்டும் கணனியைப் போர்த்தினார். காற்றுப் போகும் துவாரத்தை மட்டும் மூடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, இரண்டு முறை தேநீர் குடித்துவிட்டு வந்தோம்.